டைம்லைன் எந்தக் கட்சிக்குச் சாய்கிறது? டர்பனிலிருந்து ஒரு வாரத்தில் அளந்து பார்க்கும் முறை

தேர்தல் நெருங்கினால், தென்னாப்பிரிக்காவில் டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் ஒரு வீட்டில் "எக்ஸைத் திறந்தாலே எம்கே கட்சிதான்" என்பார்கள். அடுத்த வீட்டில் "டிஏ-வைத் தவிர எதுவும் வருவதில்லை" என்பார்கள். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. இரண்டு போனிலும் ஓடுவது வேறு வேறு டைம்லைன், அவ்வளவுதான். இது தெரியாமல், இந்தத் தளம் இன்ன கட்சியின் ஆள் என்று பேசினால் பேச்சு சண்டையில்தான் முடியும். அளந்து பார்த்துவிட்டுப் பேசலாம். அதற்கு ஒரு போன், ஒரு கூகுள் ஷீட், கூட உட்கார ஓர் ஆள், ஏழு நாள் போதும். தினமும் பதிவு செய்ய அரை மணி நேரம், அதைப் பிரித்து எழுத ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

உங்கள் திரையில் ஓர் அரசியல் பதிவு வந்து நிற்பதற்கு நான்கு காரணங்கள் இருக்கலாம். அந்தக் கணக்கை நீங்களே பின்தொடர்கிறீர்கள். அதுபோன்ற பதிவில் முன்பு நின்று பார்த்திருக்கிறீர்கள். தளம் தானாகக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. அல்லது யாரோ ஒரு கூட்டம் திட்டம் போட்டு அதைத் தள்ளிக்கொண்டிருக்கிறது. "சாய்வு" என்று நாம் குறைசொல்லும்போது இந்த நான்கையும் ஒன்றாகக் கலந்துவிடுகிறோம். கீழே சொல்லும் வேலை முழுவதும் இவற்றைத் தனித்தனியாகப் பிரிப்பதற்குத்தான்.

ஏற்கெனவே அளந்தவர்கள் கண்டது

2016-இல் ட்விட்டர் (இன்றைய எக்ஸ்) தன் டைம்லைனை அல்காரிதம் கொண்டு அடுக்கத் தொடங்கியபோது, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பயனர்களில் 1 சதவீதம் பேரை எந்த வரிசையும் பார்க்காமல் பொறுக்கி, அவர்களுக்கு மட்டும் பழையபடி நேர வரிசையிலேயே காட்டிவந்தது. இந்த இரு கூட்டத்தாரும் கண்டதை வைத்து 2020 ஏப்ரல் 1 முதல் ஆகஸ்ட் 15 வரை ஏழு நாடுகளின் மக்கள் பிரதிநிதிகளுடைய பதிவுகளை நிறுவனமே ஆராய்ந்து, 2021 அக்டோபரில் முடிவை வெளியிட்டது. ஜெர்மனி தவிர மற்ற ஆறு நாடுகளிலும் வலதுசாரிக் கட்சிகளுக்கே அல்காரிதம் கூடுதல் பெருக்கம் கொடுத்திருந்தது. கனடாவில் லிபரல்களுக்கு 43 சதவீதம் கூடியது, கன்சர்வேட்டிவ்களுக்கு 167 சதவீதம் கூடியது. பிரிட்டனில் லேபருக்கு 112, கன்சர்வேட்டிவுக்கு 176.

இதில் கவனிக்க வேண்டியது, இரண்டு பக்கமும் கூடியிருக்கிறது என்பதுதான். ஒரு கட்சியின் பதிவு நிறைய வருவதாலேயே சாய்வு என்றாகிவிடாது. மற்றதைவிட எவ்வளவு அதிகம் என்பதே கேள்வி. ஏன் இப்படி ஆகிறது என்பதற்கு அந்த ஆய்வில் விடை இல்லை.

அந்த ஏழு நாடுகளில் தென்னாப்பிரிக்கா கிடையாது. 2022 அக்டோபரில் நிறுவனமும் கைமாறியது. நம் கட்சிகளும் ஐரோப்பாவில் பேசும் வலது, இடது என்ற பெட்டிகளுக்குள் ஒழுங்காக உட்காருவதில்லை. ஆகவே அந்த எண்களை எடுத்து ஏஎன்சி, டிஏ, எம்கே, ஈஎஃப்எஃப், ஐஎஃப்பி என்ற நம் ஐந்து கட்சிகள் மேல் ஒட்டாதீர்கள். அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது முறை மட்டும்: அல்காரிதம் அடுக்கியதையும் அடுக்காததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது.

பெருக்கம் எதனால் நடக்கிறது என்பதற்கும் ஒரு சாட்சி உண்டு. 2023 மார்ச் 31 அன்று ட்விட்டர் தன் பரிந்துரை நிரலின் ஒரு பகுதியை வெளியிட்டது. ஒரு பதிவைப் பார்ப்பவர் என்ன செய்வார் என்று நிரல் முன்கூட்டியே கணிக்கிறது. அந்த ஒவ்வொரு வாய்ப்பையும் ஓர் எடையால் பெருக்கிக் கூட்டி மதிப்பெண் போடுகிறது. அப்போதைய எடைகள்: லைக் 0.5, ரீட்வீட் 1, பதில் எழுதுவது 13.5. நீங்கள் எழுதிய பதிலைப் பதிவிட்டவரே கவனித்து அதற்கு ஏதாவது செய்தால் 75. "பிடிக்கவில்லை" என்று காட்டுதல், பிளாக், மியூட் போன்றவற்றுக்கு மைனஸ் 74. ரிப்போர்ட் செய்தால் மைனஸ் 369.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பதிலின் எடை 27 லைக்குக்குச் சமம். பிடிக்காத கட்சியின் பதிவுக்குக் கீழே போய் "வெட்கமாக இல்லையா" என்று எழுதுகிறவர், அந்தப் பதிவை இன்னும் பலர் வீட்டுக்கு அனுப்பிவைக்கிறார். பதிவிட்டவர் திருப்பி ஒரு வார்த்தை எழுதினால் அது 150 லைக்குக்குச் சமம். எடைகள் அதற்குப் பிறகு மாறியிருக்கும், ஆனாலும் வாக்குவாதத்துக்கு விலை கூடுதல் என்ற அமைப்பு எக்ஸுக்கு மட்டும் உரியதல்ல. ஃபேஸ்புக்கும் 2017 முதல் கோப இமோஜியை ஒரு லைக்கைப்போல ஐந்து மடங்காக எண்ணிவந்து, படிப்படியாகக் குறைத்து, 2020 செப்டம்பரில்தான் பூஜ்யமாக்கியது.

கணக்கைத் தயார் செய்தல்

அளவை எக்ஸில் செய்வதே எளிது. "ஃபார் யூ", "ஃபாலோயிங்" என்று இரண்டு தாவல்கள் அங்கே பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. உங்கள் பழைய கணக்கில் செய்தால் பல வருடப் பழக்கம் உள்ளே கலந்திருக்கும். அது உங்கள் டைம்லைனைப் பற்றிச் சொல்லும், தளத்தைப் பற்றிச் சொல்லாது. அதனால் புதிய மின்னஞ்சலில் ஒரு புதுக் கணக்கு தொடங்குங்கள். தொடங்கும்போதே கான்டாக்ட்ஸை இணைக்க அனுமதி கேட்கும், மறுத்துவிடுங்கள். போன் செட்டிங்கில் அந்த ஆப்புக்கு லொகேஷன் அனுமதியையும் நிறுத்துங்கள். விருப்பத் தலைப்புகளைக் கேட்டால் குறைந்தபட்ச எண்ணிக்கையில் அரசியல் அல்லாதவற்றை, சமையல், கிரிக்கெட் என்று, தேர்ந்தெடுங்கள்.

அடுத்து, பின்தொடர வேண்டிய பட்டியல். இதில்தான் பலர் வழுக்குகிறார்கள். அளக்கும் ஐந்து கட்சிகளுக்கும் ஒரே எண்ணிக்கையில் கணக்குகள் வேண்டும்: கட்சியின் தேசியக் கணக்கு, தலைவர், குவாசுலு-நேட்டால் மாகாணக் கிளை, இன்னும் ஒரு முக்கியப் பேச்சாளர். கட்சிக்கு நான்கு, மொத்தம் 20. தலைவருக்கு நேரடிக் கணக்கு இல்லை என்றால் எல்லாக் கட்சியிலும் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். ஒரு கட்சிக்கு மட்டும் மாற்றாள் போடாதீர்கள். இவற்றோடு எஸ்ஏபிசி, நியூஸ்24, ஈஎன்சிஏ, ஐஓஎல், டெய்லி மேவரிக் என ஐந்து செய்திக் கணக்குகள். ஒவ்வொன்றையும் பின்தொடருமுன் அது உண்மையான கணக்குதானா என்று கட்சியின் இணையதளத்திலிருந்து போய்ப் பாருங்கள். நீல டிக் காசு கொடுத்து வாங்கக்கூடியது. அதை நம்பிச் சேர்க்க வேண்டாம்.

வீடியோ தானாக ஓடுவதை நிறுத்திவைப்பது நல்லது. டேட்டா மிச்சமாகும் என்பது ஒன்று. வீடியோவில் எவ்வளவு நேரம் நின்றீர்கள் என்பது கணக்கைச் சாய்க்காமல் இருக்கும் என்பது இன்னொன்று. இரண்டு நாள் கணக்கைச் சும்மா விட்டுவிட்டு மூன்றாம் நாள் தொடங்குங்கள். லைக், பதில், பகிர்வு எதுவும் கூடாது. எந்தப் பதிவையும் திறக்கவும் கூடாது. ஒரே வேகத்தில் விரலைத் தள்ளிக்கொண்டே போக வேண்டும். பிடித்த தலைவரின் படத்தில் மூன்று விநாடி கூடுதலாக நின்றாலும் அந்தக் கணக்கு கெட்டுப்போகலாம்.

வாரத்தையும் யோசித்துத் தேர்ந்தெடுங்கள். பிப்ரவரியில் அதிபர் நாடாளுமன்றத்தில் உரையாற்றும் வாரம், பட்ஜெட் வாரம் இரண்டும் வேண்டாம். தீபாவளி வாரமும் வேண்டாம். காரணம் கொஞ்சம் கீழே வருகிறது.

பதிவு செய்தல்

காலை 7 மணிக்கு ஒரு முறை, இரவு 8 மணிக்கு ஒரு முறை. ஒவ்வொரு முறையும் "ஃபார் யூ" தாவலில் முதல் 50 பதிவு, "ஃபாலோயிங்" தாவலில் முதல் 50 பதிவு. "ஃபாலோயிங்" தாவல் "பாப்புலர்", "ரீசன்ட்" என்று இரண்டு வரிசை காட்டினால் கட்டாயம் "ரீசன்ட்" தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் அல்காரிதத்தை அல்காரிதத்தோடு ஒப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள். காலையில் "ஃபார் யூ" முதலில் என்றால் இரவில் "ஃபாலோயிங்" முதலில் என்று மாற்றி மாற்றிச் செய்யுங்கள். போனில் ஸ்க்ரீன் ரெக்கார்டிங்கை ஓடவிட்டு உருட்டினால் எழுதும் வேலையைப் பிறகு நிதானமாகச் செய்யலாம். நிறுத்தி நிறுத்தி எழுதினால் அந்த நிறுத்தமே தளத்துக்குத் தகவலாகப் போகும்.

ஒரு வாரம் முடிந்ததும் ஒவ்வொரு தாவலிலும் 700 பதிவு கையில் இருக்கும். ஷீட்டில் ஒரு பதிவுக்கு ஒரு வரி. தேதி, நேரம், தாவல், எத்தனையாவது இடம், எந்தக் கணக்கு, நாம் பின்தொடர்வதா இல்லையா, விளம்பரமா, அரசியலா, எந்தக் கட்சியைப் பற்றி, ஆதரவா எதிர்ப்பா நடுவா. விளம்பரங்களைத் தனியாகக் குறித்து, கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். காசு கொடுத்து வருவது வேறு விஷயம்.

"எந்தக் கட்சியைப் பற்றி", "எந்தப் பக்கம்" என்ற இரண்டு கட்டங்களை ஒன்றாக்கிவிட வேண்டாம். எம்கே கட்சியைத் திட்டும் பதிவு எம்கே-யைப் பற்றியதுதான், ஆனால் எம்கே-க்கு ஆதரவானது அல்ல. இதை ஒரே கட்டத்தில் எழுதினால், ஒரு கட்சியைத் தளம் தூக்கிவிடுகிறதா அல்லது அந்தக் கட்சியின் மேல் கல்லெறிவதைத் தூக்கிவிடுகிறதா என்று பிறகு பிரிக்கவே முடியாது. எங்கள் பார்வையில் இந்த ஒரு தவறுதான் வீட்டு அளவுகளில் பாதியைப் பயனற்றதாக்குகிறது.

எது "அரசியல்" என்பதையும் முதல் பதிவைப் பார்க்கும் முன்பே எழுதிவைத்துவிட வேண்டும். ஒரு நல்ல விதி: கட்சி, பதவியில் இருப்பவர், வேட்பாளர், கவுன்சிலர், வாக்கு இவற்றில் ஏதாவது ஒன்று பெயரோடு இருந்தால் அரசியல், இல்லையென்றால் இல்லை. "டோங்காட்டில் மூன்று நாளாகத் தண்ணீர் இல்லை" என்பது அரசியல் அல்ல. "டோங்காட்டில் தண்ணீர் இல்லை, கவுன்சிலர் எங்கே" என்பது அரசியல். அது எந்தக் கட்சிக் கவுன்சிலர் என்று பதிவில் இல்லாவிட்டால் கட்சிக் கட்டத்தை வெறுமையாக விடுங்கள். நமக்குத் தெரிந்ததை அங்கே நிரப்பக் கூடாது. இனி தீபாவளிக்கு வருவோம். ஒரு கட்சித் தலைவர் குத்துவிளக்குப் படத்தோடு வாழ்த்துச் சொல்கிறார். விதிப்படி அது அரசியல்தான். ஆனால் எல்லாக் கட்சியும் ஒரே நாளில் வாழ்த்துச் சொல்லும்போது கணக்கு முழுக்க வாழ்த்தாக நிரம்பி, உண்மையான சாய்வு அதற்கடியில் போய்விடும். தைப்பூசக் காவடி சமயத்திலும் இதே சிக்கல் சிறிய அளவில் வரும்.

கூட ஓர் ஆள் வேண்டும் என்று சொன்னது இதற்காகத்தான். 700-இல் ஏதாவது 100 பதிவை இருவரும் ஒருவர் எழுதியதை ஒருவர் பார்க்காமல் தனித்தனியாகக் குறியுங்கள். 85-க்கு மேல் ஒத்துப்போனால் தொடரலாம். அதற்குக் கீழே என்றால் விதி தெளிவாக இல்லை என்று அர்த்தம். உட்கார்ந்து பேசி விதியைத் திருத்தி எல்லாவற்றையும் மறுபடி குறிக்க வேண்டும். முடிந்தால் வேறு கட்சிக்கு வாக்களிப்பவரையே துணைக்கு அழையுங்கள். ஒரே கட்சிக்காரர் இருவர் ஒத்துப்போவதால் எதுவும் நிரூபணமாகாது.

கணக்கு

ஒவ்வொரு தாவலிலும் அரசியல் பதிவுகளை மட்டும் எடுத்து, அவற்றில் ஒரு கட்சியின் பங்கு எத்தனை சதவீதம் என்று பாருங்கள். "ஃபார் யூ" பங்கை "ஃபாலோயிங்" பங்கால் வகுத்தால் வருவதே பெருக்க விகிதம். 1 என்றால் தளம் எதுவும் சேர்க்கவில்லை. 1-க்கு மேல் என்றால் தூக்குகிறது, கீழே என்றால் அமுக்குகிறது.

ஓர் உதாரணத்துக்கு, இரண்டு தாவலிலும் 200 அரசியல் பதிவு கிடைத்தன என்று வையுங்கள். ஒரு கட்சி "ஃபாலோயிங்" தாவலில் 40, "ஃபார் யூ" தாவலில் 60. பங்கு 20 சதவீதமும் 30 சதவீதமும். விகிதம் 1.5. உடனே "பிடித்துவிட்டோம்" என்று பதிவு போடத் தோன்றும். பொறுங்கள். 200 பதிவில் இந்த அளவுப் பங்குகளை ஒப்பிடும்போது, வித்தியாசம் சுமார் 8 முதல் 9 சதவீதப் புள்ளி வரை வெறும் தற்செயலாலேயே வரலாம். இங்கே வந்தது 10. மயிரிழையில்தான் தாண்டியிருக்கிறது. அதிலும் இந்தக் கணக்கு, ஒவ்வொரு பதிவும் மற்றதோடு தொடர்பில்லாதது என்று வைத்துப் போட்டது. டைம்லைனில் அப்படி இருக்காது. ஒரே பேச்சின் வீடியோ துண்டு ஏழு கணக்கிலிருந்து ஏழு முறை வரும்.

இதற்கு எளிய காவல் ஒன்று இருக்கிறது. விகிதத்தை வாரத்துக்கு ஒன்றாகப் போடாமல் நாளுக்கு ஒன்றாகப் போடுங்கள். சாய்வே இல்லாத டைம்லைனில்கூட 7 நாளில் 6 நாளாவது நீங்கள் எதிர்பார்த்த பக்கமே விகிதம் விழுவதற்கான வாய்ப்பு 16-இல் 1 இருக்கிறது. 7 நாளும் அந்தப் பக்கமே விழ 128-இல் 1. ஆகவே 7-க்கு 7 வந்தால் தைரியமாகப் பேசலாம். 6 வந்தால் இன்னொரு வாரம் அளக்கலாம். 5 வந்தால் பேசுவதற்கு எதுவும் இல்லை.

ஒரு கேள்வி கட்டாயம் வரும்: ஏன் தேர்தல் முடிவோடு ஒப்பிடக் கூடாது? 2024 மே 29 தேர்தலில் குவாசுலு-நேட்டால் மாகாணத்தில் எம்கே கட்சி 45 சதவீதத்துக்குச் சற்று மேல் வாங்கியது. டைம்லைனில் 45 சதவீதம் எம்கே வந்தால் அது நியாயம், கூடினால் சாய்வு என்று சொல்லத் தோன்றும். ஆனால் எந்தக் கட்சி எவ்வளவு பதிவு போடுகிறது என்பதற்கும் அது வாங்கிய வாக்குக்கும் சம்பந்தம் இல்லை. நாளுக்கு 60 பதிவு போடும் கட்சியும் 6 போடும் கட்சியும் உண்டு. நேர வரிசையிலான "ஃபாலோயிங்" தாவல் அந்த வித்தியாசத்தைத் தன்னுள்ளே வைத்திருக்கிறது. அதனால்தான் அதை அடிக்கோலாக வைக்கிறோம்.

நாம் பின்தொடராத கணக்குகள் "ஃபார் யூ" தாவலில் எத்தனை வந்தன என்பதைத் தனியே கூட்டிப் பாருங்கள். தளம் தானாகச் சேர்த்தது அதுதான். எந்தக் கணக்குகள் திரும்பத் திரும்ப வருகின்றன, அவை யார் பக்கம் என்று பார்த்தால், விகிதத்தைவிட அந்தப் பட்டியலே பல நேரம் கூடுதலாகச் சொல்லும்.

அல்காரிதமா, ஆட்களா?

தென்னாப்பிரிக்காவில் இந்தக் கேள்வியை விட்டுவிட முடியாது. அப்போதைய அதிபர் ஜேக்கப் ஜூமாவுக்கு நெருக்கமான குப்தா தொழிலதிபர் குடும்பத்தின் ஓக்பே நிறுவனத்துக்காக பெல் பாட்டிங்கர் என்ற லண்டன் விளம்பர நிறுவனம் இன வெறுப்பைக் கிளறும் பிரச்சாரம் நடத்தியதற்காக 2017 செப்டம்பரில் பிரிட்டனின் தொழில் சங்கத்திலிருந்து நீக்கப்பட்டது. அந்தக் காலத்தில் ட்விட்டரில் அதே வரிகளைப் போலிக் கணக்குகள் கூட்டமாகத் தள்ளிக்கொண்டிருந்தன. 2020-இல் வெளிநாட்டவருக்கு எதிரான #புட்சவுத்ஆப்பிரிக்கன்ஸ்ஃபர்ஸ்ட் ஹேஷ்டேக்கை முன்னின்று தள்ளிய கணக்கின் பெயர் லெரட்டோ பிள்ளை. ஆப்பிரிக்கப் பெயரும் நம் குடும்பப் பெயரும் சேர்ந்த ஒரு பெண்ணாகத் தோன்றிய அந்தக் கணக்கின் பின்னால் இருந்தவர் ஓர் ஆண் என்று ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். "பிள்ளை", "நாயுடு", "கோவிந்தர்" என்று பெயர் இருப்பதாலேயே நம்மவர் குரல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஒரு ஹேஷ்டேக் திடீரென்று மேலே வந்தால் அதைத் தேடி, "லேட்டஸ்ட்" தாவலில் கடைசி 100 பதிவை எடுங்கள். எத்தனை கணக்குகள் அந்த 100-ஐ எழுதின என்று எண்ணுங்கள். 80, 90 கணக்குகள் என்றால் மக்கள் பேச்சு. 15 கணக்குகள் மட்டும் 100-ஐயும் எழுதியிருந்தால் சந்தேகப்படலாம். பிறகு அந்தக் கணக்குகளைத் திறந்து பாருங்கள்: தொடங்கிய மாதம் ஒன்றாகவே இருக்கிறதா, ஒரே வாக்கியம் எழுத்துப்பிழை உட்பட திரும்ப வருகிறதா, இரவு பகல் இல்லாமல் பதிவு ஓடுகிறதா, சொந்தப் பதிவு இல்லாமல் ரீபோஸ்ட் மட்டும்தானா. எக்ஸில் சுயவிவரத்தில் சேர்ந்த தேதியைத் தொட்டால் கணக்கு எந்த நாட்டைச் சேர்ந்தது என்று காட்டும் வசதி 2025 இறுதியில் வந்தது. விபிஎன் வைத்தால் அது தவறும், ஆகவே அதை ஒரு தடயமாக மட்டும் வையுங்கள். இந்த அடையாளங்களில் குறைந்தது மூன்று சேர்ந்து வராமல் யாரையும் போலி என்று எழுத வேண்டாம். கட்சிப் பற்றுள்ள ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் நாளுக்கு 80 ரீபோஸ்ட் செய்யக்கூடும்.

செயற்கை நுண்ணறிவு பதில்களும் இந்தப் பெருக்கத்தில் சேர்ந்துவிட்டன. 2025 மே 14 அன்று எக்ஸின் க்ரோக், பேஸ்பால் பற்றிக் கேட்டவருக்கும்கூடத் தென்னாப்பிரிக்காவில் "வெள்ளையர் இனப்படுகொலை" என்ற பேச்சை எடுத்தது. அதன் கட்டளைக் குறிப்பை அனுமதியில்லாமல் யாரோ மாற்றிவிட்டதாக நிறுவனம் விளக்கம் சொன்னது. ஒரு வரி மாற்றம் அத்தனை பேருக்கும் ஒரே சாய்வைக் கொண்டுபோக முடியும் என்பதால், "க்ரோக் சொன்னது" என்பதை ஆதாரமாக ஷீட்டில் எழுத வேண்டாம்.

வாட்ஸ்அப்பில் பெருக்குவது நாம்

2021 ஜூலையில் முன்னாள் அதிபர் ஜேக்கப் ஜூமா சிறைக்குப் போனதைத் தொடர்ந்து குவாசுலு-நேட்டாலிலும் கௌட்டெங்கிலும் நடந்த கலவரத்தில் 350-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஃபீனிக்ஸில் மட்டும் 36 பேர் கொல்லப்பட்டதாகக் காவல்துறை அறிவித்தது. அந்த வாரம் தெருவுக்குத் தெரு அச்சத்தைக் கொண்டுபோனவற்றில் ஃபார்வர்டு செய்த குரல் பதிவுகளும் வீடியோக்களும் உண்டு. வாட்ஸ்அப் குரூப்பில் அல்காரிதம் எதையும் மேலே தூக்கிவைப்பதில்லை. நம் விரல்தான் வேலை செய்கிறது. அதனால் இங்கே அளப்பதைவிட ஒழுங்குபடுத்துவதே முக்கியம்.

இரட்டை அம்புக்குறி இருந்தால் அந்தச் செய்தி குறைந்தது ஐந்து கை மாறி வந்திருக்கிறது. 2020 ஏப்ரல் முதல் அத்தகைய செய்தியை ஒரு நேரத்தில் ஒரு சாட்டுக்கு மட்டுமே அனுப்ப முடியும். யாராவது அதை நகலெடுத்து ஒட்டி அனுப்பினால் அம்புக்குறி மறைந்துவிடும். குரல் பதிவையோ வீடியோவையோ போனில் சேமித்துப் புதிதாக ஏற்றினாலும் அப்படித்தான். அம்பு இல்லை என்பதால் அது நேரில் கண்டவர் சொன்னது என்றாகாது.

கோயில் குரூப், தெருக் காவல் குரூப் எதற்கு அட்மினாக இருந்தாலும் இப்போதே ஒரு விதியைப் பின் செய்து வைக்கலாம்: இடம், தேதி, நேரம், அனுப்புகிறவர் கண்ணால் கண்டாரா என்ற நான்கும் இல்லாத எச்சரிக்கைச் செய்தி நீக்கப்படும். பதற்றமான நாளில் குரூப் செட்டிங்கில் அட்மின்கள் மட்டும் எழுதலாம் என்று மாற்றி, எழுதுகிறவர்கள் குறைந்தது இரண்டு பேராவது விழித்திருக்கும்படி முறை வைத்துக்கொள்ளுங்கள். வீடியோ பழையதா என்று பார்க்க அதில் ஒரு காட்சியை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸில் போட்டால் பெரும்பாலும் போதும். ஆப்பிரிக்கா செக் நிறுவனமும் 2012 முதல் இத்தகைய செய்திகளைச் சரிபார்த்து வெளியிடுகிறது.

தவறான தகவல், வெறுப்புப் பேச்சு, வன்முறைத் தூண்டுதல், செய்தியாளர்களைத் துன்புறுத்துதல் இந்த நான்கு வகைக்கும் ரியல்411 தளத்தில் புகார் செய்யலாம். மீடியா மானிட்டரிங் ஆப்பிரிக்கா தொடங்கிய இந்தத் தளத்தோடு தேர்தல் ஆணையமும் சேர்ந்து வேலை செய்கிறது. ஸ்க்ரீன்ஷாட்டோடு இணைப்பு, தேதி, நேரம் கொடுங்கள். ஒரு கட்சிக்குச் சாதகமாக எழுதியிருப்பது புகாருக்குரிய காரணம் அல்ல. 2021 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த சைபர் குற்றச் சட்டத்தின்படி, ஒருவருக்கோ ஒரு கூட்டத்துக்கோ எதிராக வன்முறையையோ, சொத்துச் சேதத்தையோ தூண்டும் செய்தி அனுப்புவது குற்றம்.

திருத்தம்

எக்ஸில் "ஃபாலோயிங்" தாவலைப் பழக்கமாக்குங்கள். ஃபேஸ்புக்கில் மெனுவுக்குள் "ஃபீட்ஸ்" என்று இருக்கும்; அதில் நண்பர்கள், குரூப்கள், பக்கங்கள் நேர வரிசையில் வரும். ஃபேஸ்புக் ஓர் ஆளுக்கு ஒரு கணக்குத்தான் அனுமதிப்பதால், அங்கே அளவை எடுப்பவர்களும் சொந்தக் கணக்கின் முகப்பையும் இந்த "ஃபீட்ஸ்" பகுதியையும்தான் ஒப்பிட வேண்டும். இன்ஸ்டாகிராமில் கன்டென்ட் பிரிஃபரன்ஸஸ் பகுதியில் அரசியல் பதிவைக் குறைக்கவும் கூட்டவும் தேர்வு உண்டு. டிக்டாக்கில் "ஃபார் யூ"வைப் புதிதாகத் தொடங்கும் ரிஃப்ரெஷ் பொத்தானும், சொற்களை வடிகட்டும் பட்டியலும் இருக்கின்றன. வடிகட்டும்போது கட்சியின் சுருக்கப் பெயர், முழுப் பெயர், ஹேஷ்டேக் மூன்றையும் தனித்தனியே சேர்க்க வேண்டும். யூடியூபில் வாட்ச் ஹிஸ்டரியை நிறுத்தி அழித்தால் முகப்பு வெறுமையாகிவிடும்.

நேர வரிசைக்கு மாறியதும் மனம் தெளிந்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். 2020 அமெரிக்கத் தேர்தல் சமயத்தில் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் பயனர்களை மூன்று மாதம் நேர வரிசைக்கு மாற்றிப் பார்த்த ஆய்வு 2023 ஜூலையில் வெளிவந்தது. அவர்கள் தளத்தில் செலவிட்ட நேரம் குறைந்தது. அரசியல் பதிவுகளும் நம்பகமற்ற இடங்களிலிருந்து வந்தவையும் திரையில் கூடின. அரசியல் கருத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை. அல்காரிதம் சிலவற்றைத் தூக்குவதோடு சிலவற்றை வடிகட்டவும் செய்கிறது. ஆகவே தாவலை மாற்றும்போதே பின்தொடரும் பட்டியலையும் களைய வேண்டும்.

பிடிக்காத பதிவைக் கண்டால் பதில் எழுதாமல், மேற்கோளாக எடுத்துப் போடாமல், மூன்று புள்ளியைத் தொட்டு "நாட் இன்டரஸ்டட்" கொடுங்கள். அதைப் பற்றி நண்பர்களிடம் சொல்லியே ஆக வேண்டும் என்றால் இணைப்பை அனுப்பாமல் ஸ்க்ரீன்ஷாட் அனுப்புங்கள், அந்தப் பதிவின் எண்ணிக்கை கூடாது.

அளவின் முடிவை வெளியே சொல்லும்போது எந்தத் தளம், எந்தத் தேதிகள், எத்தனை பதிவு, பின்தொடர்ந்த 25 கணக்குகளின் பட்டியல், "அரசியல்" என்பதற்கு வைத்த விதி, இருவர் குறித்ததில் எத்தனை ஒத்துப்போனது, நாள்வாரி ஏழு விகிதங்கள் இவ்வளவையும் சேர்த்துப் போடுங்கள். வாக்கியம் இப்படி இருக்கட்டும்: "இந்த ஏழு நாளில், இந்தப் புதுக் கணக்கில், இன்ன கட்சியைப் பற்றிய பதிவுகள் 'ஃபார் யூ' தாவலில் 1.5 மடங்கு வந்தன. அவற்றில் இத்தனை எதிர்ப்பு, இத்தனை ஆதரவு." ஷீட்டின் ஒரு பிரதியைப் பார்க்க மட்டும் என்று திறந்துவிட்டு இணைப்பைக் கூடவே கொடுத்தால், லெனேசியாவில் இருப்பவரும் வெருலத்தில் இருப்பவரும் அதே விதியோடு தங்கள் கணக்கில் அளந்து உங்கள் எண்ணோடு ஒப்பிட முடியும்.